கிளட்ச் கால்

பணிமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கண்டக்டர், மெக்கானிக், வண்டி கழுவுகிறவர் என்று எல்லோருக்கும் அவள் கியரக்கா. பழைய வண்டிகளில் கியர் தடி அடம்பிடிக்கும். ஆம்பளை டிரைவர்கள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அதன் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் சொன்ன பேச்சைக் கேட்டு விழும். அப்படி வந்த பெயர் அது.

முதலில் அவளும் கண்டக்டராகத்தான் சேர்ந்தாள். அந்த நாளில் ஒருவர் பெரிய பஞ்சு மூட்டையோடு வண்டியில் ஏறினார். மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். "மூட்டைக்கு டிக்கெட் எடுத்தா, மூட்டைக்கு சீட் குடுப்பீங்களா?" என்று அவர் மடக்கினார். "ஏன் குடுக்காம?" என்று ஜன்னலோரத்தில் மூட்டையை உட்காரவைத்தாள். அதற்குள் மற்ற இருக்கைகள் நிரம்பிவிட்டதால் மனிதர் கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே வந்தார். மறுநாளும் வந்தார், மூட்டை இல்லாமல். அதற்கு மறுநாளும். மெத்தைக் கடை வைத்திருந்த அவரைத்தான் பிறகு அவள் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், "நான் அன்னிக்கே உட்கார்ந்து வந்திருக்கணும்" என்பார் அவர்.

டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டீயரிங் பிடிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது பணிமனையே சிரித்தது. கனரக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது சிரிப்பு அடங்கியது. முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள். "இறங்குறவங்க சீக்கிரம் இறங்குங்க, ஏறுறவங்களுக்கு நேரமாகுது" என்று கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். அவர்கள் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

ரயில் நிலையத்தில் கிளம்பி, சந்தையை ஊர்ந்து கடந்து, மேட்டுக்கு மேல் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் முடியும் தடம் அவளுடையது. எந்த டிரைவரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளாத தடம். சந்தையில் நாலடி போய் நிற்க வேண்டும், மறுபடி நாலடி. ஒவ்வொரு முறையும் இடது கால் கிளட்சை அமுக்கி எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் அந்த இடது கால் உழைத்தது. பிறகு முணுமுணுக்க ஆரம்பித்தது. பிறகு வாய்விட்டே கத்தியது. எண்ணெய் தேய்த்தாள், முட்டிப்பட்டி போட்டாள், ஊசி போட்டுக்கொண்டாள். மூட்டு வளைந்து, நடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒருநாள் மேட்டுச் சாலைச் சிக்னலில் வண்டி நின்றது. கிளட்சை அமுக்கிப் பிடித்திருந்தபோது முட்டிக்குள் கத்தி இறங்கின மாதிரி ஒரு வலி. கால் தானாக நழுவியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. நின்றுகொண்டிருந்த ஒருவரின் நெற்றி கம்பியில் போய் மோதியது. புடைத்துவிட்டது. "பரவால்லம்மா, வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று அவரே சொன்னார். அவளால் அப்படி விட முடியவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கின பிறகும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பணிமனைக்குத் திரும்பியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தக் கால சரிபண்ணிக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் எனக்கு வண்டி வேணாம்."

"என்ன கியரக்கா, ஒருதரம் வண்டி ஜெர்க் ஆனதுக்கா?"

"இன்னிக்கு ஒருத்தர் நெத்தியோட போச்சு. நாளைக்கு வண்டிக்கு முன்னால யாராவது நடந்து போய்க்கிட்டிருந்தா?"

மேனேஜர் விடுப்புப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

மேட்டு ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போனவள், முதல்முறையாகத் தானே பயணியாகப் போய் இறங்கினாள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன, செயற்கை மூட்டு வைப்பதுதான் வழி என்றார். மெத்தை என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏதோ தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பதுபோல.

டாக்டர் மேசையிலிருந்த செயற்கை முட்டியின் மாதிரி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் மடக்கினாள், நீட்டினாள்.

"கதவு கீல் மாதிரிதானே டாக்டர்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கீல்னா ஒரே இடத்துல நின்னு சுத்தும். முட்டி அப்படி இல்ல. இங்க பாருங்க, தொடை எலும்பு முனைல இந்த உலோகத் தொப்பி. கீழ் எலும்பு மேல இந்தத் தட்டு. நடுவுல வழவழன்னு இந்த பிளாஸ்டிக். நீங்க மடக்கும்போது தொப்பி பிளாஸ்டிக்ல இருக்கிற இந்தக் குழியில உருளும், உருண்டுக்கிட்டே வழுக்கும். மடங்க மடங்க அது பின்பக்கமா நகரணும். நகரலன்னா எலும்பும் எலும்பும் இடிச்சு பாதியிலேயே நின்னுடும். சொந்த முட்டில உள்ள இருக்கிற தசைநார் அதைப் பிடிச்சு நகர்த்தும். இதுல, நடுவுல ஒரு முளை தெரியுது பாருங்க, அது தொப்பியைத் தடுத்துப் பின்னால தள்ளும்."

"அப்ப அசல் மாதிரியேதானா?"

"அசலுக்குக் கிட்ட. சொந்த முட்டி முழுசா நீட்டி முடிக்கும்போது லேசா ஒரு திருகு திருகி நிக்கும். இதுல அது அவ்வளவா வராது. கொஞ்ச நாளைக்கு யாரோட காலோ மாதிரி இருக்கும்."

அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். "இத வச்சுக்கிட்டு பஸ் கிளட்ச் மிதிக்கலாமா?"

டாக்டர் மாதிரியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இது தானா எதையும் மிதிக்காதும்மா. இழுக்கிறதும் தள்ளுறதும் உங்க தசைதான். மூட்டை நான் சரியா வச்சுத் தர்றேன். அது எவ்வளவு நீளும், எவ்வளவு மடங்கும்ங்கிறது பாதி உங்க கையிலதான் இருக்கு."

"கையிலயா, கால்லயா?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். வளைந்திருந்த கால் நேராகியிருந்தது. பழைய வலி போய்விட்டது. அதற்குப் பதிலாக வெட்டித் தைத்த இடத்தின் வலி வந்திருந்தது. குதிகாலை இழுத்து மடக்குவது, தொடையை இறுக்கி முட்டியைப் படுக்கையோடு அழுத்துவது என்று பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் கணவர் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். கடையைப் பாதி நாள் மூடிவைத்தார். தண்ணீர் கேட்பதற்குள் தண்ணீர் வந்தது. முக்கியமாக, கடையில் இருந்த பஞ்சிலேயே நல்ல பஞ்சாகப் பார்த்து எடுத்து, முட்டிக்கு அடியில் வைக்க என்றே ஒரு தலையணை தைத்துக்கொண்டுவந்தார். அதை வைத்து முட்டியை லேசாக மடக்கினாற்போல் போட்டால் வலி பறந்துவிடும். அவள் அப்பாடா என்று கண்ணை மூடுவாள். அவர் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். பயிற்சி செய்யும்போது அவள் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், "விடும்மா, சாயங்காலம் செஞ்சுக்கலாம்" என்று தலையணையோடு வந்துவிடுவார். சாயங்காலம் வந்தால் நாளைக்கு என்பார். வாழ்நாளெல்லாம் யாரிடமும் விட்டுக்கொடுக்காதவள், அந்தப் பஞ்சுத் தலையணையிடம் விட்டுக்கொடுத்தாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் இருந்தாள். கட்டைக் குரல், கறாரான பார்வை. கியரக்காவைப் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொன்னாள். நீளவில்லை. முட்டிக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி நின்றது. மடக்கச் சொன்னாள். கொஞ்சம் மடங்கி, சுவரில் முட்டின மாதிரி நின்றது.

"முட்டிக்குக் கீழ ஏதாவது வைக்கிறீங்களா?"

"நான்தான் ஒரு தலகாணி தச்சு வச்சேன்" என்றார் கணவர் பெருமையாக. "நம்ம மெத்தைக் கடைப் பஞ்சு, சுத்தமானது."

"அத எடுத்துட்டுப் போயி வித்துடுங்க சார்."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிசியோ பெண் விளக்கினாள். வெட்டின இடம் ஆறும்போது உள்ளே புதுச் சதை வளர்ந்து, முட்டி எந்த நிலையில் கிடக்கிறதோ அதே நிலையில் இறுகிக்கொள்ளும். மடக்கிப் போட்டால் மடங்கினபடியே இறுகும். "மூட்டு முழுசா அசையறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. உள்ள உலோகம் நல்லாத்தான் இருக்கு, சுத்தி இருக்கிறதுதான் விட மாட்டேங்குது. இப்படியே போனா மயக்க மருந்து குடுத்து டாக்டர் கையால மடக்கி விட வேண்டிவரும். அதுலயும் மடங்குறதுதான் கொஞ்சம் சரியாகும். நீட்டுறது நீங்களே செஞ்சாத்தான் உண்டு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "கிளட்ச அமுக்க நீளணும். எடுக்க மடங்கணும். ரெண்டும் இல்லன்னா நான் எதுக்கு வெட்டிக்கிட்டேன்? சொல்லும்மா, என்ன செய்யணும்?"

"வலிக்கும்க்கா."

"வலிய எனக்கு நீ அறிமுகம் பண்ணி வைக்க வேணாம்."

வீட்டுக்குப் போனதும் கணவர் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

"ஏங்க, கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. உன் கால நானே கெடுத்துட்டேனே."

"நீங்க வச்சீங்க, நான் வேணாம்னு சொன்னேனா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம். இனிமே சேர்ந்து சரிபண்ணுவோம். நான் கத்தினா நீங்க கிட்ட வரக் கூடாது. அவ்வளவுதான்."

"கத்தினா எங்க போறது?"

"கடைக்குப் போங்க. யாவாரமாவது நடக்கும்."

அன்றிலிருந்து தொடங்கியது மல்லுக்கட்டு. குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு கெட்டி உருளையை வைத்து, முட்டியை அந்தரத்தில் விட வேண்டும். காலின் எடையே அதை மெல்ல நேராக்கும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் முட்டியின் பின்பக்கம் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கும், கண்ணில் தண்ணீர் தளும்பும். அந்த உருளையைத் தைத்துக் கொடுத்தவரும் கணவர்தான். இந்த முறை பஞ்சு போடாமல், தேங்காய் நார் அடைத்துக் கல் மாதிரி தைத்தார். "இதுல சுகமே கிடையாது, பயப்படாத" என்று கொடுத்தார்.

மடக்குவதற்கு வேறு பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் வழவழப்பான துணியைப் போட்டு, தரையில் பின்னுக்கு இழுக்க வேண்டும். முட்டாமல் போகிற தூரம்வரை போகட்டும், முட்டின இடத்திலிருந்து ஒரு நூல் அதிகமாகப் போக வேண்டும். அவள் கத்தினாள். வாயில் வந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லித் திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "என்ன, வீட்டுக்காரரோட சண்டையா?" என்று கேட்டாள். "இல்ல, முட்டியோட" என்றாள் இவள்.

கால் அசைய ஆரம்பித்ததும் வேறொரு கவலை முளைத்தது. நடக்கும்போது முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியில் இப்படி ஒரு சத்தம் வந்தால் எங்கேயோ போல்ட் கழன்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தாள். மூன்றாவது நாள் பிசியோ பெண்ணிடம் போட்டு உடைத்தாள்.

"வலிக்குதா? வீக்கம் கூடியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. சத்தம் மட்டும்தான்."

"உலோகம் பிளாஸ்டிக்க தொடுற சத்தம்க்கா அது. தசை இன்னும் பலவீனமா இருக்கு, ரெண்டையும் இறுக்கிப் பிடிக்கல. காலைத் தூக்கும்போது லேசா விலகி, வைக்கும்போது தட்டுது. தொடைக்கு பலம் வந்தா குறையும். கொஞ்சம் இருந்துக்கிட்டேயும் இருக்கலாம், தப்பில்ல. வலியோட சத்தம் வந்தா மட்டும் ஓடி வாங்க."

அன்று முதல் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது. வெட்டுத் தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துக் கிடந்தது, அதுவும் பழகிப்போனது. ஒருநாள் கால் முழுசாக நீண்டு, முட்டியின் பின்பக்கம் படுக்கையைத் தொட்டது. அவள் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டு, வலி என்று நினைத்து, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். வாசலுக்கே போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது.

நடை சரியானதும் மேனேஜர் அவளை அழைத்து, ரயில் நிலையத்தில் மாதப் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் உட்காரச் சொன்னார். "ஃபேன் இருக்கு, நிழல் இருக்கு. ஓய்வு வர்ற வரைக்கும் நிம்மதியா இருங்க அக்கா."

"கால் தேறுற வரைக்கும் இருக்கேன் சார்" என்றாள் அவள்.

கவுண்டரில் உட்கார்ந்து ஆட்களைக் கவனித்தாள். மேசைக்குக் கீழே இடது பாதத்துக்கு அடியில் கெட்டி ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று கிடந்தது. மேலே கை பாஸில் முத்திரை குத்தும், கீழே கால் அமுக்கி அமுக்கி எடுக்கும். "கியரக்கா, கவுண்டர ஓட்டிக்கிட்டுப் போயிடாத, நாங்களும் உள்ளதான் இருக்கோம்" என்று பக்கத்தில் இருந்தவர் கிண்டல் செய்தார். வேலை முடிந்ததும் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறகு அதையும் விட்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து ஏறினாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, பஸ் ஓட்டலாமா என்பதைப் பணிமனைதான் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார். பணிமனையில் சோதிக்கிறவர் மீசை. அவள் சேர்ந்த காலத்திலேயே சேர்ந்தவர், இப்போது புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தலை நரைத்தும் மீசை மட்டும் கருகருவென்று இருப்பதால் அந்தப் பெயர்.

காலி மைதானத்தில் ஒரு பழைய பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார். அவள் கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். இத்தனை மாதம் கழித்து அந்த இருக்கையின் ரெக்ஸின் வாடை மூக்கில் ஏறியது. கிளட்சை அமுக்கினாள். போனது! கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. மைதானத்தைச் சுற்றி வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நிறுத்து" என்றார் மீசை.

நிறுத்தினாள்.

"இறங்கிக்க."

"ஏன், என்ன தப்பா ஓட்டினேன்?"

"ஒவ்வொரு தரம் கிளட்ச் எடுக்கும்போதும் கீழ குனிஞ்சு கால பார்க்கிற. நீ கால பார்த்தா ரோட்ட யாரு பார்க்கிறது?"

"பழக்கம் விட்டுப்போச்சு. ஓட்ட ஓட்ட சரியாயிடும்."

"சரியானதும் வா. உன் வீட்டு வண்டின்னா ஓட்டிப் பழகு, நான் கேட்க மாட்டேன். இதுல பின்னால ஆளுங்க இருப்பாங்க."

கோபம் தலைக்கேறியது. கூடவே சேர்ந்தவன், கூடவே டீ குடித்தவன், என்னிடமே சட்டம் பேசுகிறானா என்று முறுக்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் கம்பியில் மோதின அந்த மனிதரின் நெற்றி நினைவுக்கு வந்தது. நின்றாள். மீசை சொன்னதில் என்ன தப்பு? காலைக் கண்ணால் தேடியது உண்மைதானே. பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் சொல்ல முடியவில்லை.

பிசியோ பெண்ணிடம் போனாள். "நீளுது, மடங்குது. ஆனா எங்க இருக்குன்னு தெரிய மாட்டேங்குது."

"மூட்டுக்குள்ளேர்ந்து போன தகவல் பாதி வெட்டோட போயிடுச்சுக்கா. மிச்சத்த தசையும் தோலும் கத்துக்கிட்டுச் சொல்லணும். கண்ண மூடிக்கிட்டு அந்தக் கால்ல நில்லுங்க. தரையில நிக்க வந்தா, மெத்துன்னு இருக்கிற எது மேலயாவது நில்லுங்க. விழாம பிடிச்சுக்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்."

மெத்தென்று இருக்கிற பொருளுக்கு அவள் வீட்டில் பஞ்சமா? கடையை மூடும் நேரத்தில், மெத்தைக் கட்டுகளுக்கு நடுவே கணவர் ஸ்பாஞ்சுப் பலகையை விரிப்பார். அவள் இடது காலில் ஏறி நின்று கண்ணை மூடுவாள். கால் வெடவெடவென்று ஆடும். கணவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். விழுந்தாலும் மெத்தை மேல்தான் விழப்போகிறாள் என்று சொன்னால் கேட்கமாட்டார். கடைக்கு வந்த ஒரு பெண்மணி இதைப் பார்த்துவிட்டு, "மெத்தை நல்லா தாங்குமான்னு பார்க்கிறாங்களா?" என்று கேட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட குறியில் சரியாகப் பாதத்தை வைப்பாள். எடுப்பாள், வைப்பாள். "தள்ளிப் போச்சு" என்பார் கணவர். மறுபடி வைப்பாள். அவர் வாய் ஓய்கிறவரை வைத்தாள். கடைசியில் "சரி, சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை மீசையிடம் போனபோது முதலில் இருக்கையை ஒரு படி பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். பழைய முட்டிக்குப் பொருந்தின இடம் புது முட்டிக்கு நெருக்கமாக இருந்தது. மீசை ஓட்டச் சொன்னார். திருப்பச் சொன்னார். பின்னுக்கு எடுக்கச் சொன்னார். மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார். எதிர்பாராத இடத்தில் "பிரேக்!" என்று அலறினார். வலது கால் பிரேக்குக்கும் இடது கால் கிளட்சுக்கும் ஒரே நேரத்தில் போயின. வண்டி அணையாமல் நின்றது.

மீசை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "கீழ பார்த்தியா?"

"நீங்க பார்த்தீங்களா, நான் பார்த்தத?"

"பார்க்கல."

"அப்ப பார்க்கல."

"போ. போய் உன் தடத்துக்கே போ. வேற எவனும் அதுக்கு வர மாட்டான்."

பழையபடி வேலைக்குத் திரும்பிய காலையில் ரயில் நிலையத்தில் வண்டி நிரம்பி வழிந்தது. சந்தையில் வழக்கம்போல நெரிசல். ஒரு தள்ளுவண்டி குறுக்கே, ஒரு லாரி பக்கவாட்டில். அமுக்கு, எடு, நாலடி. அமுக்கு, எடு, நாலடி. முட்டி ஒவ்வொரு முறையும் உருண்டு, வழுக்கி, தன் வேலையைப் பார்த்தது. கொஞ்சம் சூடாக இருந்தது, கொஞ்சம் விறைத்தது. வலி என்று சொல்ல எதுவும் இல்லை. மேட்டுச் சாலைச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வண்டி, பின்னால் மூச்சுமுட்ட நெருக்கிக்கொண்டு ஒரு கார். கிளட்சைப் பிடித்தபடி காத்திருந்தாள். கால் நடுங்கவில்லை. பச்சை விழுந்ததும் பாதத்தை மெல்ல விட்டாள். இஞ்சின் அதிர்ந்து பிடித்த அந்த இடத்தைப் புது முட்டிக்குக் கீழே இருந்த பழைய உள்ளங்கால் அடையாளம் கண்டுகொண்டது. வண்டி ஒரு இம்மிகூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது.

"என்னம்மா டிரைவர், ஆஸ்பத்திரிக்கு இன்னிக்குள்ள போயிடுவோமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் எரிச்சலோடு கத்தினார். "ஆமை மாதிரி போறீங்க!"

வண்டியில் இருந்த யாருக்கும் அவள் காலைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. வழக்கமாக இப்படி ஒருத்தர் கத்தினால் அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதோ வந்தாச்சுங்க" என்று சொல்லி அடுத்த கியரைத் தட்டினாள்.

ஓய்வு பெறும்வரை அவள் அதே தடத்தில்தான் ஓட்டினாள். வேறு தடம் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னபோதும் மறுத்துவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டப் போகும்போது, காத்திருக்கும் அறையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவே போய் உட்காருவாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தன் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டுவாள். 'டக்' என்ற சத்தம் கேட்டு யாராவது திடுக்கிட்டால், "உள்ள வேலை நடக்குது, அவ்வளவுதான்" என்பாள்.